‘சினத்தின் திராட்சைகள்’: புழுதி யார் குற்றம்?

ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்னும் புதினத்தைத் தமிழில் ‘சினத்தின் திராட்சைகள்’ எனலாம். 1939-இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நூல் இது. ஆசிரியர்க்கு 1962-இல் நோபல் பரிசும் கிடைத்தது. வறட்சியினால் நிலம் இழந்த ஒரு குடியானவக் குடும்பத்தின் கதை என்றே இந்நூலை அறிமுகப்படுத்துவது வழக்கம். பருவநிலை மாற்றமும் உணவுப் பற்றாக்குறையும் எங்கும் பேசப்படும் இந்நாளில் அந்த அறிமுகம் இன்னும் உரத்து ஒலிக்கிறது. வானம் பொய்த்தது, மண் புழுதியாயிற்று, மக்கள் அகதிகளாயினர் என்று மூன்று தொடர்களில் கதையை முடித்து, அதனையே வருங்காலத்திற்கான எச்சரிக்கையாக நீட்டிவிடுகிறார்கள். நூலைப் பொறுமையாகப் படித்தவர் இதனை ஒப்புவது கடினம். தொடக்கத்தில் வறட்சி, முடிவில் வெள்ளம். இடைப்பட்ட ஐந்நூறு பக்கக் கேடும் மனிதர் மனிதர்க்குச் செய்வதே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓக்லஹோமா மாநிலத்தில் குத்தகைக்குப் பருத்தி பயிரிடும் ஜோட் குடும்பத்தை நில உரிமையாளர் வெளியேற்றுகிறார். டிராக்டர் வந்து வீட்டை இடிக்கிறது. கையில் ஒரு துண்டு விளம்பரத்துடன், பழைய மோட்டார் வண்டியில், கனிகள் கொழிக்கும் கலிபோர்னியாவை நோக்கிக் குடும்பத்தார் பன்னிருவர் புறப்படுகிறார்கள். போதகர் பணியைக் கைவிட்ட ஜிம் கேசி பதின்மூன்றாமவராகச் சேர்ந்துகொள்கிறார். விடுதலைப் பயண நூலை அறிந்த வாசகருக்கு இதன் அமைப்பு உடனே புலப்படும். ஆயினும் இங்கே வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழைந்த பிறகுதான் அடிமைத்தனம் தொடங்குகிறது. மோசேயைப் போல ஒரு குழந்தை நீரில் விடப்படுகிறது. ஆனால் அது ஆப்பிள் பெட்டியில் கிடத்தப்பட்ட, இறந்தே பிறந்த குழந்தை. நூலின் தலைப்பும் திருவெளிப்பாட்டின் 14-ஆம் அதிகாரம் காட்டும் திராட்சை ஆலையிலிருந்து, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாடல் ஒன்றின் வழியாக வந்ததே.

நூலின் உச்சம் என்று நான் கருதுவது 25-ஆம் அத்தியாயம். கதைமாந்தர் எவரும் அதில் இல்லை. கலிபோர்னியாவில் வசந்தம், பழமரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. ஒட்டுக்கட்டியும் நோய் நீக்கியும் இக்கனிகளை உருவாக்கிய அறிவியலாரை ஆசிரியர் மனமாரப் போற்றுகிறார். சில பத்திகளுக்குள் விலை சரிகிறது. பறிகூலிக்கும் கட்டாத பழங்கள் மரத்தடியில் அழுகுகின்றன. மலையெனக் குவிந்த ஆரஞ்சுப் பழங்களின்மீது மண்ணெண்ணெய் தெளிக்கப்படுகிறது. உருளைக்கிழங்கை ஆற்றில் கொட்டிவிட்டு, பசித்தவர் அதனை அள்ளிச் செல்லாதபடி கரையில் காவல் வைக்கிறார்கள். பன்றிகளைக் கொன்று புதைத்துச் சுண்ணாம்பு இடுகிறார்கள். அதே வேளையில், சத்துக்குறைவால் மாண்ட குழந்தைகளுக்கு இறப்புச் சான்றிதழ் நிரப்பப்படுகிறது.

இது புனைவின் மிகை என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சந்தை விலையை உயர்த்தும் பொருட்டு 1933-இல் அமெரிக்க அரசே ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிக்குட்டிகளைக் கொல்வித்தது. அவ்விறைச்சியில் ஒரு பகுதி ஏழைகளுக்கு வழங்கப்பட்டது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். உணவு இருக்கும்போதே, அதனைப் பெறும் வழியற்றோர் பட்டினியால் மடிவர் என்பதை 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைச் சான்று காட்டிப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் நிறுவினார். ஸ்டைன்பெக் அதனை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கதையாக எழுதிவிட்டார். உலகின் பசியைப் பற்றிப் பேசும்போது விளைச்சல் கணக்கோடு நின்றுவிடுவோர் இவ்வத்தியாயத்தை ஒருமுறையேனும் படிக்க வேண்டும்.

இனி நூலின் மறுபக்கத்திற்கு வருவோம். 5-ஆம் அத்தியாயத்தில் டிராக்டர் ஓட்டி வந்தவனைச் சுட்டுவிடுவதாகக் குத்தகையாளர் மிரட்டுகிறார். என்னைச் சுட்டால் இன்னொருவன் வருவான் என்கிறான் அவன். அவனுக்கு ஆணையிட்டவர் வங்கிக்காரர். அவருக்கு ஆணை கிழக்கிலிருந்து வருகிறது. அங்கிருப்போரையும் ஏதோ ஒன்று ஏவுகிறது. அப்படியானால் யாரைச் சுடுவது? அவ்வினாவுக்கு நூலில் விடையில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசினார். அவை தனிமனிதரின் பாவங்களில் வேரூன்றியவை என்றும் அழுத்திச் சொன்னார். ஸ்டைன்பெக்கோ அக்கட்டமைப்பைக் கூர்ந்து கண்டவர், வேரைத் தேட மறுத்துவிடுகிறார். அவருடைய கேசி, பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை, மக்கள் செய்வன மட்டுமே உள்ளன என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். இயேசு கிறிஸ்துவின் ஆங்கில முதலெழுத்துகளையே தாங்கி, தம்மைக் கொல்ல வருவோர் தாம் செய்வதை அறியார் என்று சொல்லி மடியும் இம்மனிதர்மீது எனக்கு மிகுந்த பரிவு உண்டு. எனினும் பாவம் என்ற சொல்லையே களைந்துவிட்டால், குழந்தைகளின் பசிக்கு எதிரே ஆரஞ்சுப் பழத்தின்மீது மண்ணெண்ணெய் தெளிப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது? 25-ஆம் அத்தியாயத்தில் ஆசிரியரின் சினமே அச்சொல்லைக் கேட்டு நிற்கிறது.

இந்த மறுப்பினால் விளையும் பெரிய குறை மண்ணைப் பற்றியது. பருத்தி மண்ணின் குருதியை உறிஞ்சுகிறது, பயிரை மாற்றி மாற்றி இட்டிருந்தால் மண் தேறியிருக்கும் என்ற உண்மை நூலில் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதனைச் சொல்வோர் குடும்பங்களை வெளியேற்ற வந்த உரிமையாளரின் ஆட்கள்! ஆகவே அது வெறும் சாக்காக நம் செவியில் விழுந்து மறைகிறது. செவ்விந்தியரைக் கொன்றும் விரட்டியும் பாட்டன் பெற்ற நிலம் என்பதும் அவ்வாறே; குடியானவரின் உரிமைக்குச் சான்றாக அது சொல்லப்பட்டு, மேலே கதை நகர்ந்துவிடுகிறது.

வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. தென் சமவெளிகளில் ஆழ வேரோடிய புல்வெளி மண்ணைப் பிடித்துவைத்திருந்தது. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை உயர்ந்தது. 1920-களில் டிராக்டர்கள் பெருகின. பெரியோரும் சிறியோரும் அப்புல்லைப் புரட்டிப் போட்டனர். 1930-களில் மழை பொய்த்ததும் வெற்று மண் எழுந்து பறந்தது. 1934 மே மாதம் அப்புழுதி நியூயார்க் வரை சென்றது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள், பட்டப்பகலை இருளாக்கிய புழுதிப்புயலால், ‘கருப்பு ஞாயிறு’ எனப் பெயர் பெற்றது. பறந்த மண்ணே மழையைக் குறைத்து வறட்சியை மேலும் கடுமையாக்கியது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணினிவழிக் கணக்கீட்டால் காட்டியது. வானிலையில் அன்றே மனிதக் கை இருந்தது. ஜோட் குடும்பத்தின் சாலிசா ஊரோ கிழக்கு ஓக்லஹோமாவில், புழுதி மண்டலத்தின் மையத்திற்கு வெகு தொலைவில் உள்ளது. அப்பகுதியினரைப் பெயர்த்தவை பருத்தி விலை வீழ்ச்சியும், டிராக்டரும், சாகுபடியைக் குறைத்தால் உதவித்தொகை என்ற அரசுத் திட்டமுமே. வாங்கிய தொகையை வைத்துக்கொண்டு குத்தகையாளரை வெளியேற்றிய நில உரிமையாளர் பலர்.

புழுதியின் நடுவிலேயே வளர்ந்த ஒருவர் இதனை வேறுவிதமாக எழுதினார். சனோரா பாப் என்னும் அப்பெண்மணி கலிபோர்னிய முகாம்களில் அகதிகளிடையே பணியாற்றியவர். ‘பெயர் அறியப்படாதோர்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய புதினத்தைப் பதிப்பகம் 1939-இல் கைவிட்டது. ஸ்டைன்பெக்கின் நூல் சந்தையை நிரப்பிவிட்டது என்பதே காரணம். 2004-இல்தான் அது அச்சேறியது. ஸ்டைன்பெக்கின் ஓசையும் வீச்சும் அதில் இல்லை. ஆனால் அதன் முதற்பாதியில் உழவர்கள் விதைக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், சன்னலில் படிந்த புழுதியை நாள்தோறும் துடைக்கிறார்கள். மண்ணோடு வாழ்வதன் கணக்கு அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை என்பேன்.

பிற்பாடு நடந்ததும் இக்குறையோடு தொடர்புடையதே. 1935-இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹியூ பென்னட் என்பவரின் முயற்சியால் சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பிடுதல், பயிர் மாற்றுதல் ஆகியவை பரவின. காற்றைத் தடுக்க 1942-க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள் நடப்பட்டன. பின்னர் ஒகல்லாலா நிலத்தடி நீர் பம்புகளால் மேலே வந்தபோது புழுதி மறந்துபோயிற்று. மேற்குக் கான்சாசிலும் டெக்சாசிலும் சில பகுதிகளில் இன்று அந்நீர் நூறு அடிக்கு மேல் இறங்கிவிட்டது. மழை அதனை நிரப்புவது மிகமிக மெதுவாகவே. நீர் வற்றும்போது சுட்டிக்காட்ட எந்த வங்கியும் இராது. ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் 2020 முதல் 2022 வரை அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. வளிமண்டலத்தில் மனிதர் ஏற்றிய வெப்பம் அவ்வறட்சியைப் பன்மடங்கு கூட்டியது என்று அறிவியலார் கண்டனர். கால்நடைகளை இழந்த சோமாலிய மேய்ப்பர் யாரைச் சுடுவது என்று கேட்டால், அக்கேள்வி எரிபொருள் நிறுவனங்களின் கதவோடு நின்றுவிடாது. அவர்களிடம் எரிபொருள் வாங்கும் நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

இறுதிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. வெள்ளத்துக்கு ஒதுங்கிய களஞ்சியத்தில், குழந்தையை இழந்த ரோஸ் ஆஃப் ஷாரன், பட்டினியால் சாகக் கிடக்கும் முதியவர் ஒருவர்க்குத் தன் பாலை ஊட்டுகிறாள். இதனை ஆபாசம் என்றோரும் உண்டு. கத்தோலிக்கக் கலையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நேப்பிள்ஸ் நகரின் பியோ மோன்தே ஆலயப் பீடத்தின்மேல், கரவாஜோ 1607-இல் தீட்டிய ‘இரக்கச் செயல்கள் ஏழு’ ஓவியத்தில், சிறைக்கம்பிகளுக்கு இடையே பசித்த தந்தைக்கு மகள் பாலூட்டுகிறாள். பண்டைய உரோமைக் கதை அது. ஸ்டைன்பெக்கின் பதிப்பாளர், அந்த முதியவரைக் குடும்பத்தார்க்கு முன்பே அறிமுகமானவராக மாற்றும்படி வேண்டினார். ஆசிரியர் இணங்கவில்லை. அம்முதியவர் முன்பின் அறியாத அயலாராகவே இருக்க வேண்டும் என்று எழுதியனுப்பிவிட்டார்.