சாம்பலும் சுவரும்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, எல்லாரும் மண்ணுதான் என்கிறது கத்தோலிக்கச் சபை. சாம்பல், குருத்தோலை, மெழுகுதிரி, தீர்த்தம் எல்லாம் அடையாளங்களாம். அப்படின்னா சுவர் மட்டும் வெறும் செங்கல்லா?

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று. சனங்கள் நிற்க இரண்டு பிரிவு. நாடாரையும் வேளாளரையும் பிரித்த அந்தச் சுவரை 1910-இல் இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ தலித்துகளின் குழிகளை ஒதுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மண்ணு ஒண்ணுன்னா மண்ணுக்குள்ள எதுக்குச் சுவர்?

ஒரு பொருளின் அர்த்தம் பிரசங்கத்தில் இல்லை. அது யாரை எங்கே நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது. மந்திரித்த பூமி புனிதம் என்றால், அதில் நிற்கும் சுவரும் சபையின் விசுவாசப் பிரமாணம்தான்.

சாமி, சுவரை இடிச்சிட்டு வந்து சாம்பல் பூசுங்க. நெத்திய நீட்டுறோம்.