கடன் நண்பனுக்கா, தம்பிக்கா?

காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' 2003இல் வந்த நாவல். காபூலில் முதலாளி மகன் அமீரும் வேலைக்காரர் மகன் ஹசனும் ஒன்றாக வளர்கிறார்கள். 1975 குளிர்காலத்தில், பட்டப் போட்டி நடந்த நாளன்று, ஒரு சந்துக்குள் ஹசன் சீரழிக்கப்படுவதைப் பார்த்தும் அமீர் ஓடிவிடுகிறான். பன்னிரண்டு வயதுப் பையனின் பயம் என்று அதை ஒருவாறு புரிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு செய்வதுதான் பொறுக்க முடியாதது. பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் செருகிவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். கேட்டபோது, எடுத்தது தான்தான் என்று ஹசன் ஒப்புக்கொள்கிறான். குற்றவுணர்வு ஒருவனைத் திருத்துவதற்கு முன் இன்னும் கெட்டவனாக்கும் என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டியதற்காகவே ஹுசைனியைக் கொண்டாடலாம்.

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்து வாசகருக்கு இந்த உறவு புதிதல்ல. பண்ணை வீட்டுப் பிள்ளையும் மாடு மேய்க்க வந்த பிள்ளையும் சேர்ந்து ஆடுவார்கள். தண்ணீர் குடிக்கும் இடம் மட்டும் வேறு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) கொங்குச் சீமையின் இப்படியொரு நட்பை ஆடு மேய்க்கும் கூளையன் பக்கமிருந்து சொல்கிறது. கிணற்றில் முடியும் அந்தக் கதையில் கவுண்டர் மகனின் மனசாட்சியை ஆற்றுவது ஆசிரியரின் வேலையாக இல்லை.

ஹுசைனி ஆற்றுகிறார். தாலிபான் ஹசனைச் சுட்டுக் கொன்ற பிறகே, அமெரிக்காவில் குடியேறிவிட்ட அமீர், ஹசனின் மகனை மீட்கக் காபூல் திரும்புகிறான். அதற்குள் ஹசனின் பாசமான கடிதம் வந்துவிடுகிறது. கோபப்பட ஹசனுக்கு ஒரு பக்கம்கூடத் தரப்படவில்லை. அன்று ஹசனைச் சீரழித்த கொடியவனிடமே அமீர் அடிபடுவது வாசகருக்கு நிறைவு தரும். செத்தவனுக்கு அதனால் என்ன?

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போகையில் அங்குள்ள முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். ஊரறியச் செய்வதால்தான் அந்த உறவுக்கு மதிப்பு. பரிகாரமும் அப்படி ஊரறிய நடக்க வேண்டும். ஹுசைனியின் நாவலில் அதற்கு ஈடாக ஒரே ஒரு காட்சி உண்டு. அமெரிக்காவில், சாப்பாட்டு மேசையில், ஹசனின் மகனை இனப்பெயரால் சுட்டிப் பேசும் மாமனாரை அமீர் முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறான். அடிவாங்கியதைவிட இதையே உண்மையான பரிகாரமாகக் கருதுகிறேன். ஆனால் அங்கும் அவன் முன்வைக்கும் நியாயம், ஹசன் வேலைக்காரர் மகனல்ல, தன் அப்பாவுக்கே பிறந்த தம்பி என்பது. நண்பனின் மகன் என்று சொன்னால் அந்த மேசையில் எடுபடாது என்று அமீர் நினைத்தானா, ஹுசைனியே நினைத்தாரா?