மூன்று சிலுவைகள்: தேய்ந்த தகட்டில் இறங்கிய இருள்

ரெம்பிராண்ட் 1653-இல் இயேசுவும் இரு கள்வர்களும் சிலுவையில் தொங்கும் ‘மூன்று சிலுவைகள்’ காட்சியை அமிலத்தால் அரிக்காமல், செப்புத் தகட்டில் பெரும்பாலும் ஊசியால் நேராகவே கீறினார். கீறலோரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்த அடர்ந்த கறுப்பு. அச்சழுத்தத்தில் அந்தப் பிசிறு சீக்கிரமே நசுங்கிவிடும். ஆகவே அவர் பின்னர் தகட்டைத் திருத்தியது வெறும் பழுதுபார்ப்பு என்று வாதிடலாம். தேய்மானம் உண்மைதான். ஆனால் பழுதுபார்ப்பவர் பழைய கோட்டின் மேலேயே அல்லவா கீறுவார்? இவரோ கூட்டத்தில் பலரைச் சுரண்டி அழித்தார், இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோவின் பதக்கம் ஒன்றிலிருந்து உயரத் தொப்பிக் குதிரைவீரனை (துணிச்சலான இரவல்!) உள்ளே கொண்டுவந்தார், மேலிருந்து கோடுகளை மழையாய் இறக்கினார். முந்தைய படிகளில் ஒளி கூட்டத்தைக் காட்டியது. திருத்திய படியிலோ, நற்செய்தி சொல்லும் அந்த நண்பகல் இருள் வலப்பக்கக் கள்வனை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது.