மோடி மஸ்தானின் உடுப்பு

தமிழில் 'மோடி மஸ்தான்' என்றொரு வழக்கு உண்டு. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்த்து, சண்டையைக் காட்டாமல் தாயத்தை விற்றுக்கொண்டு போகிறவன் அவன். தமிழ்நாட்டுச் சந்தைத் திடல்களுக்குரிய இந்தச் சொல் சினிமா வழியாகவும் சஞ்சிகைகள் வழியாகவும் எமது கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வாக்குறுதி தந்து ஏமாற்றும் அரசியல்வாதியை ஏசுவதற்கு எம்மவர்களே அதைப் பாவிக்கிறார்கள். அதே 'மஸ்தான்' என்ற சொல்தான் குணங்குடியாரின் பெயரிலும் இருக்கிறது. சுல்தான் அப்துல் காதிராகப் பிறந்து, தொண்டிக்கும் சென்னைக்கும் இடையே துறவியாய் வாழ்ந்து, 1838 இல் மறைந்த அந்த ஞானியை மக்கள் மஸ்தான் சாகிபு என்று அழைத்தார்கள். இறைக்காதலில் தன்னை மறந்தவர் என்பது அதன் பொருள்.

ஞானியின் பெயர் எவ்வாறு சந்தை வித்தைக்காரனின் பெயராயிற்று? சொல் தனியாக நடந்து வரவில்லை, உடுப்போடு சேர்ந்தே வந்தது என்பது எனது அபிப்பிராயம். பக்கீரின் நீண்ட அங்கி, தலைப்பாகை, கழுத்து மணிமாலை, கண்ணில் சுருமா ஆகியவற்றை வித்தைக்காரன் எடுத்து அணிந்துகொண்டான். உடுப்புப் போன இடத்துக்குப் பெயரும் போயிற்று.

கூத்தின் உடுப்பைப் பற்றி எமது விமர்சகர்கள் எழுதுகிறார்கள். வித்தை காட்டுபவனின் உடுப்பைப் பற்றி எழுதியவர்களை நான் வாசித்ததில்லை. நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் நாடகம் படிப்பித்த விரிவுரையாளர், வேடஉடுப்புத்தான் பாத்திரத்தின் முதல் வசனம் என்பார். வித்தைக்காரன் விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது. கூத்தில் முடி தரித்து வருபவன் அரசன் அல்லன் என்பது சபைக்குத் தெரியும். ஆனால் வித்தைக்காரனின் உடுப்பு, 'எனக்கு இந்தச் சக்தி இன்ன இடத்திலிருந்து வருகிறது' என்று கூறுகிறது. அந்தக் கூற்றில் எவ்வளவு மெய் என்பது சபைக்குத் தெரியாது. மூஸா (அலை) அவர்களின் முன்னால் பிர்அவ்னின் சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்த சம்பவத்திலும் மயக்கப்பட்டவை பார்த்தவர்களின் கண்களே. கண்ணை மயக்கும் வேலை கை அசைவதற்கு முன்பே, ஆள் மேடைக்கு வந்து நிற்கும்போதே ஆரம்பமாகிவிடுகிறது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வித்தைக்காரர்கள் கூர்த்தொப்பியும் நட்சத்திரம் பொறித்த அங்கியுமாகத்தான் நின்றார்கள். பிரான்சில் மணிக்கூடு செய்யும் குடும்பத்தில் பிறந்த ரொபேர் ஊடன் 1845 இல் பாரிஸில் தன் அரங்கைத் திறந்தபோது அவற்றை ஒதுக்கினார். தன்னைப் பார்க்க வந்த கனவான்கள் இரவு விருந்துக்கு அணியும் கறுப்புக் கோட்டையே அவரும் அணிந்தார். அவருக்கு முன்னரும் அவ்வாறு உடுத்தவர்கள் இருந்தார்கள், ஆயினும் அதை ஒரு மரபாக்கியவர் அவரே. 'நானும் உங்களைப் போன்ற ஆள், இது கைத்திறனும் இயந்திரமும்' என்பது அந்தக் கோட்டின் கூற்று. (அந்தக் கோட்டின் வாலுக்குள் ஆழமான இரகசியப் பைகள் இருந்தன என்பது வேறு கதை. நேர்மையாகத் தோன்றும் உடுப்புத்தான் வித்தைக்கு அதிகம் உதவுகிறது.) நாம் முத்து காமிக்ஸில் பார்த்த மாண்ட்ரேக் அணிவதும் அந்த மரபில் வந்த உடுப்புத்தான்.

அதே மனிதரை 1856 இல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. மக்களிடையே செல்வாக்குடன் இருந்த மராபூத்து எனப்படும் ஞானியரின் அற்புதங்களைவிடப் பிரான்சின் அற்புதம் பெரிது என்று காட்டுவதே நோக்கம். அல்ஜியர்ஸ் அரங்கில் ஒரு சிறிய பெட்டியை வைத்தார். பலசாலியான அராபியர் ஒருவர் வந்து அதை இலகுவாகத் தூக்கினார். அவருடைய பலத்தை எடுத்துவிட்டதாக ஊடன் அறிவித்த பின்னர் அதே பெட்டியை அவரால் அசைக்க முடியவில்லை. அடியில் மின்காந்தம் இருந்தது. இவை வெறும் வித்தைகளே என்று பின்னர் மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் விளக்கப்பட்டதாக 1858 இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதுகிறார். எனக்கு முக்கியமாகப் படுவது கோட்டு. பாரிஸில் 'நானும் உங்களில் ஒருவன்' என்று சொன்ன அதே துணி, அல்ஜியர்ஸில் 'நான் உங்களை ஆள்பவர்களில் ஒருவன்' என்று சொன்னது. தையல் மாறவில்லை, சபைதான் மாறியது.

இனித் தொப்பிக்கு வருவோம். எகிப்தின் ஒராபி பாஷா 1883 இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார். 1901 வரை அவர் இங்கு வாழ்ந்த காலத்தில் துருக்கித் தொப்பி எமது சமூகத்தின் கௌரவச் சின்னமாகப் பரவியது. 1905 மே மாதத்தில் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்க மறுத்தார். நாடெங்கும் முஸ்லிம்கள் கிளர்ந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31 இல் மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. ஈற்றில் தொப்பி வென்றது. எமது அரசியல் விழிப்பின் முதற்பக்கங்களில் ஒன்று ஒரு தொப்பியைப் பற்றியது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அடுத்ததையும் சொல்வேன்.

அதே தொப்பி இங்கிலாந்தில் சிரிப்பு மூட்டும் வித்தைக்காரனின் சின்னமாயிற்று. டொமி கூப்பர் என்ற பெருத்த உருவம் கொண்ட கலைஞர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் கெய்ரோவில் தன் தொப்பி தவறிப்போகவே, பக்கத்தில் நின்ற உணவுப் பரிசாரகரின் துருக்கித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்ததாகவும், சபை சிரித்ததாகவும், பின்னர் அதை விடவே இல்லை என்றும் சொல்வார்கள். 1984 இல் தொலைக்காட்சி நேரடி நிகழ்ச்சியில் மேடையிலேயே விழுந்து இறந்தார். பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயரான வில்லியம் வாலஸ், 'அலி பொங்கோ' என்று பெயர் வைத்து, தொப்பியும் தொளதொளத்த காற்சட்டையும் நுனி வளைந்த செருப்பும் அணிந்தார். திறமையில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். அலி பொங்கோ ஏனைய வித்தைக்காரர்களுக்கே வித்தை அமைத்துக் கொடுத்த மேதை. ஆனால் ஒரு சமூகம் நீதிமன்றத்தில் போராடிப் பெற்ற தொப்பி, இன்னொரு நாட்டில் தலையில் வைத்த மாத்திரத்திலேயே சிரிப்பாகிறது. துருக்கியே 1925 இல் அதைத் தடைசெய்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தொப்பிக்கு எத்தனை விதி!

இதை ஐரோப்பியர்களின் குற்றமாக மட்டும் எழுதிவிடலாம், அது இலகு. ஆனால் பஞ்சாபியான கோகியா, 'பாஷா' என்று பட்டம் சூட்டி எகிப்தியர் வேடத்தில் இந்திய மேடைகளில் வலம்வந்தார். ஒராபிக்குக் கிடைத்த அதே பட்டம்! தமிழ்ச் சினிமாவும் சளைக்கவில்லை. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'பாக்தாத் திருடன்' (1960) எல்லாம் எமது ஊர்க் கொட்டகைகளில் எம்மவர்களே விசிலடித்துப் பார்த்த படங்கள். அறிவின் தலைநகராயிருந்த பாக்தாத், பளபளக்கும் சட்டையும் திருடர் குகையுமாக எம் தலைக்குள் ஏறியது அந்தத் திரைகளிலிருந்துதான்.

இந்த வரிசையில் பி.சி. சர்க்கார் மட்டும் வேறு. இன்றைய பங்களாதேசத்தின் தங்கைலில் 1913 இல் பிறந்த அவர், இறகு செருகிய தலைப்பாகையும் சேர்வானியுமாக மகாராஜா வேடத்தில் 'இந்திரஜால்' நிகழ்த்தினார். 1956 ஏப்ரல் 9 இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு யுவதியை வாளால் இரண்டாக அறுத்தார். அவள் எழும்புமுன் நிகழ்ச்சி முடிந்துவிட, பதறிய பார்வையாளர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஊடன் அல்ஜீரியாவுக்குப் போய்ச் சரியாக நூறு வருடம். இம்முறை ஆளப்பட்டவர்களின் உடுப்பு ஆண்டவர்களின் வீட்டுக்குள் நுழைந்து பயம் காட்டியது. மெய்யான மகாராஜாக்கள் ஆட்சி இழந்துகொண்டிருந்த காலத்தில் அந்த உடுப்பை ஒரு சாதாரண வங்காளி எடுத்து உடுத்தியதில் எனக்கு ஒரு குதூகலம் உண்டு. மேற்குலகம் கீழைத்தேயத்தவனிடம் எதிர்பார்த்த வேடமும் அதுவே என்ற ஆட்சேபம் நியாயமானது. எனினும் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததற்கும் பிறன் வீட்டுக் கொடியிலிருந்து உருவியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சீனரான சிங் லிங் பூவைப் பார்த்து 'சுங் லிங் சூ' என்று பெயர் மாற்றிய அமெரிக்கர் ரொபின்சன், மேடையில் ஆங்கிலமே பேசாமல் பல ஆண்டுகள் சீனராக நடித்தார். 1918 இல் இலண்டனில் துப்பாக்கி வித்தை பிழைத்து மார்பில் குண்டு பாய்ந்தபோதுதான் சபை அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டது. இரவல் உடுப்பு அவ்வளவு தூரம் அவரைக் கொண்டுபோய் விட்டது.

எமது கரையில் இதற்கு வேறொரு பரிமாணம் உண்டு. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் பக்கீர் பாவாமார் றபானடித்து றிபாயி றாத்தீபு நடத்துவார்கள். கம்பியும் கத்தியும் உடம்பில் ஏறும். அதை வித்தை என்று அவர்கள் சொல்வதில்லை, ஷெய்குமாரின் பறக்கத் என்பார்கள். எமக்குள்ளேயே பலர் அதைப் பித்அத் என்பார்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிட்டு உடுப்பை மட்டும் பார்க்கிறேன். பாவாவின் பச்சைத் தலைப்பாகை அவருடைய தரீக்காவில் பைஅத்தோடு கிடைத்தது. றாத்தீபு முடிந்து பஸ்ஸில் ஏறும்போதும் அது தலையில் இருக்கிறது. தேநீர்க்கடையிலும் இருக்கிறது. மோடி மஸ்தானின் தலைப்பாகை, தாயத்து விற்று முடிந்ததும் பெட்டிக்குள் போகிறது. சந்தையில் பார்ப்பவனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் ஒருவனின் கள்ளம் மற்றவரின் பெயரில் எழுதப்படுகிறது.

உடுப்பைப் பற்றிப் பேசுவது 2019 ஏப்ரலுக்குப் பின் எமக்கு இலகுவான காரியமல்ல. எமது பெண்களின் முகத்திரைக்கு அவசரகாலச் சட்டம் வந்ததும், வீதியில் ஜுப்பாவைப் பார்த்த பார்வைகளும் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அந்தக் காலத்துக்குப் பிறகுதான் எமது பாடசாலைக் கலைவிழாவில் இது நடந்தது. ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் நாணயத்தை மறைக்கும் வித்தைகளைக் கட்டாரிலிருந்து வந்த தன் காக்காவிடம் பழகியிருந்தான். என்ன உடுத்துவது என்பதில் ஆசிரியர் அறையில் விவாதம். கறுப்புக் கடதாசியில் தொப்பி செய்வோம் என்றார் ஒருவர். இன்னொருவர் நீண்ட ஜுப்பாவும் ஒட்டுத்தாடியும் தலைப்பாகையும் கொண்டுவரத் தயாரானார். "என்ன மாஸ்டர், மந்திரவாதியெண்டா தாடி ஒண்டு வேணாமா?" என்று கேட்டார். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர், தாடியும் வைத்திருப்பவர். கேட்டதில் எந்தக் கள்ளமும் இல்லை. பாக்தாத் திருடன் பார்த்த தலைமுறை.

பாடசாலைச் சீருடையே போதும் என்று நான் நின்றேன். வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டோம். சட்டைக் கைக்குள் ஒளிப்பதாகத்தான் பார்ப்பவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள், அது இல்லையென்றதும் வித்தை கூர்மையாயிற்று. நாணயம் மறைந்தபோது சபையில் நிசப்தம். பிறகு கைதட்டல். கீழே இறங்கியதும் அவனுடைய உம்மா என்னிடம் வந்தார்: "சேர், இவன் இதெல்லாம் எங்க படிச்ச? ஒருக்கா ஓதிப் பாத்துத் தண்ணி குடுக்கவா?" ஜுப்பாவும் தாடியுமாக நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சீருடையில் நின்ற தன் பிள்ளையைப் பார்த்துத்தான் அவருக்கு ஆச்சரியமும் அச்சமும் வந்தது. அவனே அந்த நாணயத்தை அவர் கையில் வைத்து, மறைக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தான்.

கலைவிழா ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் எமது எழுத்தாளர்களைக் கேட்க வேண்டும். எமது சிறுகதைகளில் தாயத்துக் கட்டுபவர், பேய் ஓட்டுபவர், அச்சரம் எழுதுபவர் வரும் இடங்களைப் புரட்டிப் பாருங்கள். பச்சைச் சால்வை, கண்ணில் சுருமா, விரல் நிறைய மோதிரம், சாம்பிராணிப் புகை. எழுதியவர் முற்போக்காளராயினும் தௌஹீத் சார்ந்தவராயினும் உடுப்பு ஒன்றுதான். இவர்கள் யாரும் அந்த மனிதரைப் போய்ப் பார்த்து எழுதவில்லை, சினிமாக் கொட்டகையில் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். மூடநம்பிக்கையைச் சாடுவதாக நினைத்துக்கொண்டு மோடி மஸ்தானின் சட்டையையே திரும்பத் தைக்கிறார்கள். ஏமாற்றுக்காரனுக்கு அந்த உடுப்பை எழுதிக் கொடுத்துவிட்டால், வேறு உடுப்பில் வருபவனை வாசகன் எப்படி அடையாளம் காண்பான்?

எனது ஊரில் ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் மக்ரிபுக்குப் பின் சனம் வரிசையில் நிற்கும். அவர் கோடு போட்ட சாறனும் அரைக்கைச் சேட்டும்தான் உடுத்துவார். சேட் பையில் மூக்குக்கண்ணாடி, ஒரு நீலப் பேனை, மடித்து வைத்த மின்சாரப் பில். அவரை இன்னும் எந்தக் கதையிலும் நான் சந்திக்கவில்லை.