மலைக்குளிருக்குச் செய்த கயிறும் காங்கேசன்துறை வெயிலும்

ஈத்தூண்டில் என்பது செல்வந்தருக்கும் குளிர்தேசத்தாருக்கும் மாத்திரமே உரிய பொழுதுபோக்கு என்ற அபிப்பிராயம் நம் நாட்டில் வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. 1882 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத் துரைமார் தம் தேசத்து ட்ரௌட் மீனின் முட்டைகளைக் கடல்கடந்து கொணர்ந்து நுவரெலியாவின் ஓடைகளிலே குடியேற்றியதும், 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்றொரு சங்கத்தை நிறுவி அந்நீர்நிலைகளைத் தம் மேற்பார்வையில் வைத்துக்கொண்டதும், ஹார்டி போன்ற கம்பனிகள் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த கோல்கள் அக்காலத்துச் சாதாரணக் குடும்பத்தின் பல மாதச் செலவுக்குச் சமானமான விலையில் விற்கப்பட்டதும் சேர்ந்து, இந்தக் கலையை மலைநாட்டுப் பனிமூட்டத்துக்குள்ளேயே அடைத்துவிட்டன. வெப்பக் கடலின் கரையிலே, சொற்பப் பணத்தில் வாங்கிய உபகரணங்களைக் கொண்டு இக்கலையைத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு, ஒரு சோளகப் பருவம் முழுவதும் காங்கேசன்துறைக் கரையில் அத்தகைய மலிவுத் தொகுதி ஒன்றைக் கையாண்ட பின், தொடங்கலாம் என்றே திடமாகச் சொல்வேன். ஆனால் அத்தொகுதியிலுள்ள ஒரு பொருளை முதல் நாளே கழற்றி அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதையும் அதே திடத்துடன் சொல்வேன்.

கோல், ரீல், கயிறு, நுனித் தங்கூசி, சில செயற்கை ஈக்கள் ஆகிய யாவும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. ஒன்பது அடி நீளம், எட்டாம் இலக்கம், நான்கு துண்டு என்னும் விவரங்களை விளம்பரம் பார்த்தவர் எவரும் அறிவர். அவற்றை இங்கு விரிப்பதிற் பிரயோசனமில்லை. கோலைப் பற்றி மட்டும் மனம் நிறைந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சீனத்துத் தொழிற்சாலைகளில் கார்பன் இழையால் உருட்டிச் செய்யப்படும் இக்கோல்கள், விலை உயர்ந்தவற்றைப்போல விறைத்து நில்லாமல் நடுப்பகுதிவரை தாராளமாக வளைந்து கொடுக்கும் சுபாவமுடையவை. கயிறு பின்புறத்தில் முழுவதும் விரியும் கணம் எது என்பதை இவ்வளைவு கைக்கு உணர்த்திவிடுவதால், பழகுகிறவனுக்கு இது குறையன்று, பெரும் உபகாரமே. துண்டுகள் பொருந்தும் இடங்கள் இறுக்கமாயிருந்தன. தக்கைப் பிடியில் ஆங்காங்கு சிறு துளைகள் தென்பட்டாலும் உப்பும் வியர்வையும் பட்டபின் அவை கையை உறுத்தவில்லை.

கருவியைச் சோதித்த இடத்தின் இயல்பையும் அறிதல் அவசியம். காங்கேசன்துறைக் கரை வடக்கு நோக்கியது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் தட்டையாகக் கிடக்கும். வற்றும் பெருக்கும் ஒரு மீற்றரைக்கூட எட்டாதவையாதலால் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நிற்கலாம். துறைமுகத்தின் உட்புறம் அனுமதியின்றிப் புகத்தக்கதன்று; ஆயின் மேற்கே கீரிமலைப் பக்கமாகவும் கிழக்கே 2017 இல் மக்களிடம் மீண்ட மயிலிட்டிப் பக்கமாகவும் திறந்த கரைகள் உண்டு. விடியற்காலையிலே சூடைக் கூட்டத்தைக் கட்டாப்பாரைகள் கரையோரமாகத் துரத்தி வருவதும், முரல்கள் நீர்மட்டத்தில் வெள்ளிக் கோடு கிழித்து ஓடுவதும், சீலாக்கள் பாரின் விளிம்பிலே அசைவற்று நின்று சமயம் பார்ப்பதும் இக்கரைக்கு நித்திய காட்சிகள். நுவரெலியா ஓடையில் அரையடி மீனுக்காகக் காத்திருப்போர் பொறாமைப்படத்தக்க செல்வம் இது.

ஒரு நாள் காலை, வலை உணக்க வந்த முதியவர் ஒருவர் என் எறிதலை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு அருகில் வந்தார்.

"உதென்ன மோனை, ஈயமில்லாமல் வெறுங்கயித்தை எறியிறாய்? உது எப்பிடிப் போகும்?"

"கயிறுதான் அப்பு ஈயம்" என்றேன்.

அவர் கயிற்றை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, கனத்தை உணர்ந்து, ஒப்புக்கொண்டதாகத் தலையசைத்தார். இக்கலையின் முழு மர்மமும் அந்தக் கனத்திலேயே அடங்கியிருக்கிறது. கைத்தூண்டிலில் ஈயம் பறந்துசெல்ல, தங்கூசி அதன் பின்னே இழுபட்டுப் போகிறது. இங்கோ, நுனியிலிருக்கும் இறகும் மயிரும் கட்டிய ஈ கனமற்றதாதலால், தடித்த கயிறே காற்றில் சுருள் விரிந்து சென்று அதனைத் தன்னுடன் கொண்டுபோகிறது. 1961 இல் அமெரிக்கத் தூண்டிற் கருவி உற்பத்தியாளர் வகுத்த நியமத்தின்படி, எட்டாம் இலக்கக் கயிற்றின் முதல் முப்பது அடி ஏறக்குறைய 13.6 கிராம் நிறையுடையது; கோலின் இலக்கமும் அந்நிறையையே குறிப்பது. ஆகவே கோல் எவ்வளவு உயர்ந்ததாயினும் கயிறு தாழ்ந்ததாயின் எறிதல் இல்லை. மலிவுத் தொகுதி விற்போர் எதிலே பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாதோ அதிலேயே மிச்சம் பிடிக்கிறார்கள்.

தொகுதியோடு வந்த கயிறு வைகறையில் ஒரு குறையும் காட்டவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் அதன் குணம் மாறிற்று. ஒன்பது மணியளவில் கைக்குள்ளே சூடாகி, வெயிலில் வைத்த பனங்கட்டி கசிவதுபோல மேற்பூச்சு இளகி, கோலின் வளையங்களுக்கிடையே தொய்ந்து, ஒவ்வொரு வளையத்திலும் தயங்கித் தயங்கி ஊர்ந்தது. வழுவழுப்பாயிருக்க வேண்டிய மேற்பரப்பில் நுண்மணலும் உப்புத்துகளும் அப்பிக்கொண்டன. விடியற்காலையில் கட்டாப்பாரைக் கூட்டத்தைத் தாண்டி விழுந்த ஈ, இப்போது அதே கையசைவுக்கு அதிற் பாதித் தூரத்தில் சுருண்டு விழுந்தது. புதிதாகப் பழகும் ஒருவர் இந்நிலையில் தம் கையையே குறைகூறிக்கொள்வார். தமக்கு இக்கலை வாய்க்காதென்று எண்ணிக் கோலை மூலையில் சாத்திவிடவும் கூடும். மனத்தை மிகவும் வருத்துவது இதுவே, ஏனெனில் பழுது கயிற்றில் இருக்கப் பழி மனிதனுக்குப் போய்ச் சேர்கிறது.

பழுது கயிற்றிலேதான் என்பதைச் சுலபமாகப் பரீட்சிக்கலாம். கிணற்றிலிருந்து அள்ளி நிழலில் வைத்த குளிர்ந்த நீரிலே கயிற்றைச் சிறிது நேரம் ஊறவிட்டு எறிந்தபோது, முதற் சில எறிகள் வைகறையிற்போலவே ஓடின. பின்னர் வெயில் தன் வேலையைக் காட்டியது. அதற்கு மேலும் ஒரு நிச்சயம் வேண்டி, அக்கயிற்றை நுவரெலியாவில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வருட சராசரி வெப்பம் பதினாறு பாகையளவே உள்ள அந்த 1868 மீற்றர் உயரத்தில், பகல் முழுவதும் அது செம்மையாக ஓடுகிறதென்று அவர் அறிவித்தார். கயிறு கெட்டதன்று, தவறான தேசத்துக்கு விற்கப்பட்டது.

இதன் காரணம் அதன் கட்டமைப்பில் உள்ளது. ஒரு காலத்திலே ஈத்தூண்டிற் கயிறு பட்டினால் பின்னப்பட்டது; ஒவ்வொரு நாளும் உலர்த்திக் கொழுப்புப் பூசாவிடில் அது அழுகிவிடும். 1950களிலே மிச்சிகன் மாநிலத்து சயன்ரிபிக் ஆங்கிளர்ஸ் கம்பனியார், பின்னிய உள்நூலின்மீது பிவிசி எனப்படும் பிளாஸ்ரிக்கைப் பூசும் முறையைக் கொண்டுவந்தபின் அந்தத் தொல்லை நீங்கியது. அப்பூச்சினுள்ளே அதை நெகிழ்வாக வைத்திருப்பதற்கென ஓர் இரசாயனம் கலக்கப்படுகிறது. குளிர்நீருக்கான கயிற்றில் நெகிழ்ச்சி மிகுதியாகவும் உள்நூல் மென்மையாகவும் இருக்கும்; இல்லாவிடில் குளிரில் அது கம்பிச்சுருள் ஆகிவிடும். வெப்பநீருக்கான கயிற்றில் பூச்சுக் கடினமாகவும் உள்நூல் விறைப்பாகவும் இருக்கும். சோளகக் காலத்துப் பாக்குநீரிணையில் நீரின் வெப்பம் 28 பாகையைத் தாண்டும். நாம் நிற்கும் சுண்ணக் கற்பாறையின் வெப்பமோ அதனினும் பன்மடங்கு கொடியது. அங்கே குளிர்நீர்க் கயிறு இளகாமல் வேறென்ன செய்யும்?

விற்பனையாளர்மீது எனக்குள்ள மனத்தாங்கலை மறைக்க விரும்பவில்லை. பெட்டியின் மேலே 'உவர்நீருக்கு உகந்தது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உப்பு வேறு, வெப்பம் வேறு. நோர்வேயின் கடலும் உப்புக் கடலே. நம்மவர் பலர் குடியேறி வாழும் அந்நாட்டின் கரையிலும் ஈத்தூண்டில் போடுகிறார்கள். அங்கே இக்கயிறு உத்தமமானதாயிருக்கலாம். கயிற்றின் நிறம், நீளம், இலக்கம் ஆகியவற்றை எழுத இடமிருந்த அட்டையில், எந்த வெப்பத்துக்கு ஏற்றது, உள்நூல் எவ்வகையானது என்ற ஒரு வரிக்கு இடமில்லாமற் போனது மன்னிக்கத்தக்கதன்று. உலகில் வெயிற்கரைகளிலே வாழ்வோர் தொகை அற்பமா?

வெப்பநீர்க் கயிறு ஒன்றைத் தனியே வருவித்தேன். தொகுதி முழுவதற்கும் கொடுத்த பணத்திற் பாதிக்கு மேல் அதற்கொன்றுக்கே போயிற்று என்பது உண்மை. ஆனால் அதே கோலில் அதைப் பூட்டி நடுப்பகலில் முதன்முறை எறிந்தபோது, வளையங்களினூடே அது சீறிக்கொண்டு ஓடிய ஓசையைக் கேட்டதும் கொடுத்த பணத்தின் கவலை தீர்ந்தது. வைகறைக் குளிரில் இக்கயிறு சற்றுச் சுருண்டு நிற்கும். இரு கைகளாலும் பகுதி பகுதியாக இழுத்து நிமிர்த்திவிட்டால் போதும். கையிலிருக்கும் பணம் குறைவாயின் கோலிலும் ரீலிலும் குறைத்துக்கொள்ளுங்கள்; கயிற்றில் மாத்திரம் குறைக்காதீர்கள்.

நல்ல கயிற்றுக்கும் இக்கரையில் ஒரு சத்துரு உண்டு. 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு உணவாயிருந்த அதே சுண்ணக்கல்லே கரையெங்கும் கூரிய பற்களுடன் பரவிக் கிடக்கிறது. எறிவதற்கு முன் காலடியில் குவியும் கயிறு அப்பற்களிலே சிக்கிப் பூச்சு உரியும். மேல்நாட்டார் இதற்கென இடுப்பிலே கட்டும் பிளாஸ்ரிக் கூடை விற்கிறார்கள். அதனை வாங்க வேண்டியதில்லை. பனையோலைக் கடகம் ஒன்றில் இரு காதுகளைப் பொருத்தி இடுப்பிற் கட்டிக்கொண்டேன். அதன் அடியிலே தடித்த தங்கூசித் துண்டுகளை விரலளவு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும்படி ஓலைக்குள் செருகி முடிந்துவிட்டால், கயிற்றுச் சுருள்கள் அவற்றின்மேல் தங்கி, ஒன்றோடொன்று பிணையாமல் வரிசையாக எழும்பிப் போகின்றன. ஓலையின் பின்னல் வழியே நீரும் மணலும் தாமாகவே வடிந்துவிடுகின்றன. அடைத்த பிளாஸ்ரிக் கூடைக்கு இந்தச் சௌகரியமில்லை. இத்தொகுதியில் எனக்குக் கிடைத்த பேரானந்தம் தொகுதிக்குள் இல்லாத இந்தக் கடகமே.

ரீலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலுமினிய உடல் உப்பைத் தாங்குகிறது. அதைக் கோலோடு பிணைக்கும் திருகாணிகள் தாங்குவதில்லை. ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவ வேண்டும், கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருப்பதால் கழுவும் நீரை நாவிலிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டாப்பாரை ஒன்று ஈயைக் கவ்விக்கொண்டு ஆழத்தை நோக்கி ஓடியபோது தடை விசை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பிடித்தது; உள்ளங்கையால் ரீலின் விளிம்பை மெல்ல அழுத்தி அந்தக் குறையைச் சமாளிக்கலாம். பெரிய பாரைகளை நாடுவோருக்கு இந்த ரீல் போதாது. நம் கரையில் எட்டும் மீன்களுக்குப் போதும்.

கூடவந்த ஈக்களில் பெரும்பாலானவை நன்னீருக்கானவை. அவற்றின் முட்கள் ஒரே வாரத்தில் துருவேறின. 1980களில் பென்சில்வேனியாவின் பொப் கிளவுசர் என்பவர் அமைத்த ஈ ஒன்றே இங்கு எனக்குப் பெரிதும் உதவியது: துருப்பிடிக்காத உருக்கு முள்ளின் கழுத்தில் இரு உலோக மணிகளைக் கண்களாகக் கட்டி, மேலும் கீழும் மயிரை வைத்து முடிவது. மணிகளின் கனத்தால் முள்ளின் கூர் மேல்நோக்கித் திரும்பி நீந்துவதால் பாரில் சிக்குவது அரிது. அவர்கள் மான்வால் மயிரை உபயோகிக்கிறார்கள். வெள்ளாட்டு மயிர் அதற்குச் சற்றும் குறைந்ததன்று, வெள்ளையின்மேல் சிறிது பச்சை கலந்தால் சூடைக்குஞ்சின் சாயல் வந்துவிடும். சீலா நிற்குமிடத்தில் ஈக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டாவிட்டால் அதன் பற்களுக்கு எந்தத் தங்கூசியும் நில்லாது. முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்; பின்னோக்கி எறியும்போது சோளகம் கயிற்றை நம்மீதே தள்ளும் கரை இது, காதிலோ கழுத்திலோ ஏறினால் நோகாமல் கழற்றிவிடலாம்.

ஐப்பசியில் வாடை எழுந்து கடல் கொந்தளித்துவிட்டால் இக்கரையில் ஈத்தூண்டிலுக்கு வேலையில்லை. அப்போது கயிற்றை ரீலிலிருந்து முழுவதும் கழற்றி, சவர்க்காரம் சிறிது கரைத்த நன்னீரில் அலசி, துணியால் துடைத்து, அகன்ற வளையமாகச் சுற்றி நிழலில் தொங்கவிட வேண்டும். நுளம்பு விரட்டும் தைலம் பூசிய கை அதில் படக்கூடாது. அத்தைலங்கள் பலவும் பிவிசிப் பூச்சைக் கரைக்க வல்லவை.