கல்வியும் விளையாட்டும்: மாறிய குறிக்கோள்களும் மாறாத குறையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காக எண்ணுகின்றார். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் முதலாவதாகக் கல்வியை வைத்தார். உவகை பிறக்கும் இடங்களுள் நான்காவதாக விளையாட்டை வைத்தார். கல்வியால் பெருமிதம், விளையாட்டால் உவகை. இரண்டும் வேண்டுவனவே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, இந்நாட்டுத் தோட்டப்புற இளையோர்க்குக் காலந்தோறும் வகுக்கப்பட்ட கல்விக் குறிக்கோள்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உவகை இருந்தது, பெருமிதம் இல்லை

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் நல்லதே. ஆயினும் தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைபெறச் செய்யும் ஏற்பாடுகளுள் ஒன்றாகவே பள்ளியும் கருதப்பட்டது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். எழுத்தறிவும் சிறிது கணக்கும் போதும். பால்மரம் வெட்டுபவன் மகன் பால்மரம் வெட்டுவான் என்பதே அக்காலத்தின் சொல்லாத குறிக்கோள்.

அதே காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அதனாலேயே அது செழித்தது. லயத்து முற்றத்தில் பல்லாங்குழியும் கல்லாங்காயும். கோயில் திடலில் சடுகுடுவும் கிட்டிப்புள்ளும். காய் வெடிக்கும் பருவத்தில் ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி, எவனுடையது உடைகிறது என்று பார்க்கும் போட்டி. ஆக, உவகைக்கு இடம் இருந்தது. பெருமிதத்திற்கு வழி இல்லை. அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏணியாக வந்த தேர்வு

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வலியுறுத்தியது. 1957ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி அமைப்பிற்குள் கொண்டுவந்தன. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டு வயதிலேயே அடைபட்டிருந்த கதவு அதனால் திறந்தது. பால்மரம் வெட்டுபவன் மகன் மருத்துவனாகலாம் என்னும் எண்ணம் லயத்திற்குள் நுழைந்தது அன்றுதான். இம்மாற்றத்தின் பெருமையைக் குறைத்துப் பேச எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் ஏணி ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, அதில் ஏறாத நேரமெல்லாம் வீண்நேரமாகத் தோன்றும். 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்த பின்னர், ஏழு 'ஏ' எத்தனை பேர் என்பதே தமிழ்ப்பள்ளியின் தரத்தைச் சொல்லும் கணக்காயிற்று. 2016 முதல் அது எட்டு 'ஏ' ஆனது. நாளிதழ்களில் படங்கள் வந்தன. மேடைகளில் பரிசுகள் வழங்கப்பட்டன. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு மாலையில் திடல் இல்லை, கூடுதல் வகுப்பே உண்டு.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஃபுரோபலைக் கற்பித்தார்கள். 1837இல் செருமனியில் சிறுவர்க்கான பள்ளியைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' என்று பெயரிட்ட அறிஞர் அவர். விளையாட்டே குழந்தைப் பருவத்தின் தலையாய வளர்ச்சி என்பது அவர் கொள்கை. நாங்கள் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதித் தேறினோம்; தோட்டத்துப் பள்ளிக்கு வந்ததும் உடற்கல்விப் பாடவேளையில் கணக்குப் போட்டோம்!

விளையாட்டும் ஏட்டில் ஏறியது

தேசியக் கல்வித் தத்துவம் 1988இலேயே உடல், உள்ளம், ஆன்மிகம், அறிவு ஆகிய நான்கும் ஒருங்கே வளர வேண்டும் என்று கூறிவிட்டது. 2008இல் உடற்திறன் சோதனையாகிய 'செகாக்' வந்தது. 2011இல் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்னும் திட்டம் வந்தது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. குறிக்கோளை ஏட்டளவில் பார்த்தால் குறைகூற இடமில்லை.

நடைமுறையில் நிகழ்ந்தது யாது? பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்திற்குப் பத்து விழுக்காடு என்றவுடன், பெற்றோர் விளையாட்டைத் தேடி வந்தனர்; விளையாட்டிற்காக வரவில்லை, சான்றிதழுக்காக வந்தனர். ஆசிரியர்க்கோ, பந்து உதைத்த நேரத்தைவிட அதைப் பதிவு செய்யும் நேரம் மிகுந்தது. திறன் சோதனை பயனுடையதே. மருத்துவர் எடை பார்ப்பது போன்றது. ஆயின் எடை பார்ப்பதை உணவு என்று எவரேனும் சொல்வாரா? உவகைக்குரிய விளையாட்டையும் பெருமிதத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கிடையே திடலும் போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேலாகக் குறைந்துள்ளன. அவற்றுட் பல குறைந்த மாணவரைக் கொண்டவை. பள்ளி நிலத்திற்காகப் போராடிய நாம் திடலுக்காகப் போராடவில்லை. பின்னர் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசியில் வந்தது. அதே கைப்பேசியில் விளையாட்டும் வந்தது. பாடம் மீண்டும் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. விளையாட்டு இன்னும் திரும்பவில்லை. கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. நாம் காலியாக விட்ட இடத்தில்தான் அது வந்து அமர்ந்தது.

என் பிழை

பிறரைக் குறைகூறுபவன் தன்னையும் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் மிகப் பின்தங்கியவன்; சடுகுடுவில் முதல்வன். களத்திற்குக் கோடு போடுவதும் அவனே. கயிற்றில் முடிச்சிட்டு அளப்பான். பின்பு மூலைக்கு மூலை கயிற்றைப் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றானால்தான் சாம்பலைத் தூவுவான். செவ்வகத்தின் இலக்கணத்தை அவன் கைகள் அறிந்திருந்தன. தாளில் இருந்த செவ்வகமோ அவனுக்குப் புரியவில்லை. நான் அவனைக் குழுவிலிருந்து நீக்கிக் கூடுதல் வகுப்பில் உட்கார வைத்தேன். இரண்டு வாரம் வந்தான். பின்னர் வகுப்பிற்கு மட்டுமன்று, பள்ளிக்கே ஒழுங்காக வரவில்லை. கயிற்றைக் கரும்பலகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க அவன் வந்தான். இப்போது வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கும் தொழில். "சார், நம்ம திடல் இன்னும் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். பாதி இருக்கிறது என்றேன்.

எதிர்வாதமும் விடையும்

"ஏழைப் பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? விளையாடிக் கெட்டவர் போதாதா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மை உண்டு. ஆயின் தெருவோரத்தில் கெட்ட இளைஞர் விளையாடிக் கெட்டவரல்லர். விளையாட இடமும் உடனிருக்கப் பெரியவரும் இல்லாமற் கெட்டவர். 1950களில் 'தமிழ் முரசு' இதழின் மாணவர் மணிமன்றம் இளையோரை எழுத வைத்தது. அவ்வழியில் தோன்றிய மணிமன்றங்கள் இலக்கியக் கூட்டத்தையும் விளையாட்டையும் ஒன்றாக நடத்தின. படிப்பும் பொழுதுபோக்கும் பகையல்ல என்பதற்கு நம் முந்தைய தலைமுறையே சான்று.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. நாள்தோறும் அரைமணி நேரம், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத விளையாட்டிற்கு விடுவோம்; புள்ளியும் வேண்டா, சான்றிதழும் வேண்டா. தோட்டம் கைமாறும் இடங்களில் பள்ளி வாரியங்கள், கட்டடத்திற்கு நிலம் கேட்கும் அதே கடிதத்தில் திடலுக்கும் நிலம் கேட்கட்டும். வாரம் ஒரு மாலை பெற்றோர் திடலுக்கு வரட்டும். ஊரில் எஞ்சியுள்ள இளைஞர் மன்றத்தார் பொறுப்பேற்கட்டும்.

கல்வியின் குறிக்கோள் மும்முறை மாறியது. தோட்டத்திற்கு ஆள், தேர்வுக்கு மாணவன், ஏட்டிற்கு முழுமனிதன். மூன்றிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இப்பிள்ளை எதற்குப் பயன்படுவான்? இப்பிள்ளை மகிழ்ந்திருக்கின்றானா என்பதும் பள்ளி கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மாணவனின் மகள் இவ்வாண்டு எங்கள் பள்ளியில் படிக்கிறாள். எஞ்சிய பாதித் திடலில் மாலையில் பிள்ளைகள் ஓடுகின்றனர். கோடு போடக் கயிறும் சாம்பலும் எடுத்து வைத்திருக்கிறேன்.