கௌதம் தேவைப்படாத ஊர்: ‘எங்கேயும் எப்போதும்’ படத்தின் அந்த ஒரு பஸ் நாள்

2011 செப்டம்பரில் வந்த ‘எங்கேயும் எப்போதும்’ படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விஷயம்தான் வரும். ஒன்று, நெடுஞ்சாலையில் இரண்டு பஸ்கள் மோதிக்கொள்ளும் அந்த விபத்து. இன்னொன்று, ஜெய் – அஞ்சலி ஜோடி. மூன்றாவதாக ஒன்று படத்தில் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. திருச்சியிலிருந்து இன்டர்வியூவுக்குச் சென்னை வரும் அமுதா (அனன்யா), முன்பின் தெரியாத கௌதமோடு (சர்வானந்த்) ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றும் பகுதி. டவுன் பஸ், காத்திருப்பு, விசாரிப்பு, நடை. அவ்வளவுதான் அந்த நாள்.

என் கட்சி இது: இயக்குநர் எம். சரவணனின் இந்த முதல் படத்தில் ரொம்ப நாள் நிற்கப்போவது அந்தப் பகுதிதான். சென்னை மாநகரப் பேருந்தைப் புதிதாக ஊருக்கு வந்தவரின் கண்ணிலிருந்து பார்த்த தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. இந்தப் படம் அப்படிப் பார்த்தது. ஆனால் தான் பார்த்ததைத் தானே பாதி வழியில் இறக்கிவிட்டும் போய்விட்டது. இரண்டையும் பேசலாம்.

சினிமா பஸ்ஸும் நிஜ பஸ்ஸும்

தமிழ் சினிமாவுக்குப் பஸ் புதிதல்ல. 1966-ல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ ஏறக்குறைய முழுக்க ஒரு பஸ்ஸிலேயே நடக்கும் கதை. 1972-ல் இந்தியில் ‘பாம்பே டு கோவா’ ஆனது. ஆனால் அதில் பஸ் ஒரு மேடை. நாகேஷ் முதலானவர்கள் வந்து ஆடிவிட்டுப் போக ஒரு நீளமான அறை, சக்கரம் வைத்தது. ஜன்னலுக்கு வெளியே என்ன ஊர் போகிறது என்பது கதைக்கு முக்கியமில்லை.

அதற்குப் பிறகு சென்னை டவுன் பஸ் திரையில் வந்தபோதெல்லாம் அதற்கு மூன்று வேலைதான்: ஹீரோயினை முதல்முறை பார்க்க ஒரு பஸ் ஸ்டாப், ஃபுட்போர்டில் கல்லூரிப் பையன்கள், இல்லாவிட்டால் கண்டக்டரோடு சில்லறைச் சண்டை. மூன்றிலும் பஸ் எங்கே போகிறது என்ற கேள்வியே கிடையாது. நம் வாழ்க்கையிலோ பஸ் பற்றிய முதல் கேள்வியே அதுதான். “இது போகுமா?”

‘எங்கேயும் எப்போதும்’ அந்தக் கேள்வியைக் கதையாக்கியது. அமுதாவின் பிரச்சினை காதல் அல்ல, வில்லன் அல்ல. கையில் ஒரு இடத்தின் பெயர் இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று தெரியவில்லை. அவ்வளவு சின்னப் பிரச்சினையை நம்பி ஒரு படத்தின் பாதிக் கதையை நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும்.

எண் ஒரு மொழி, ஆனால் அகராதி இல்லை

வெளியூர்க்காரர் சென்னை பஸ்ஸில் ஏறும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முன்னால் ஓர் எண். 21ஜி, 29சி, 12பி. பார்த்தால் ஏதோ குறியீடு மாதிரி இருக்கிறது. எழுத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றும். தேடினால் கிடைக்காது. 21ஜி பிராட்வேயிலிருந்து மயிலாப்பூர், அடையாறு, கிண்டி வழியாகத் தாம்பரம் பக்கம் போகிற பஸ். அந்த ‘ஜி’ கிண்டியும் இல்லை, வேறு எதுவும் இல்லை. 21 என்ற குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளைக்கு வைத்த எழுத்து. இதற்கு மேல் ‘கட் சர்வீஸ்’ என்று ஒன்று. அதே எண், ஆனால் பாதியில் திரும்பிவிடும்.

எங்கள் தொழிலில் இதைப் பழைய கோடு என்போம். 20 வருஷத்துக்கு முன் யாரோ வைத்த பெயர். மாற்றினால் எது உடையும் என்று தெரியாது, அதனால் யாரும் தொடுவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அது பழகிப்போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்தான் ஒவ்வொன்றையும் பக்கத்து சீட்டில் கேட்டாக வேண்டும்.

இதை வேறு மாதிரியும் செய்யலாம். சியோல் நகரம் 2004 ஜூலையில் தன் பஸ் வலையை ஒரேயடியாக மாற்றியது. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பஸ்ஸுக்கு வகைப்படி நிறம் கொடுத்தார்கள். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் கிளம்பி எந்த மண்டலத்துக்குப் போகிறது என்பது எண்ணிலேயே தெரிகிற மாதிரி வைத்தார்கள். கொரிய மொழி ஒரு வார்த்தை தெரியாதவர்கூட ஓரளவுக்கு ஊகிக்கலாம்.

நம்மிடம் எண் மட்டுமா குழப்பம்? இடப்பெயரும்தான். ஜெமினி என்று இறங்குகிறோம். ஜெமினி ஸ்டூடியோ அங்கே இல்லாமல் போய்ப் பல காலம். அரசாங்கக் கணக்கில் அது அண்ணா மேம்பாலம். ‘அடையாறு கேட்’ என்று கேட்டு இறங்கினால் அடையாற்றில் நிற்க மாட்டீர்கள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் டி.டி.கே. சாலையில் நிற்பீர்கள். ஊர்க்காரருக்கு இது வரலாறு. இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்ட ஒருத்திக்கு இது பொறி.

ஆக, சென்னை பஸ்ஸைப் பற்றிய அறிவு போர்டில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. கண்டக்டரிடம், ஸ்டாப்பில் பூ விற்கிற அம்மாவிடம், பக்கத்து சீட்டுக்காரரிடம். இந்த உண்மையை வசனமாகச் சொல்லாமல், ஒரு நாளின் அலைச்சலாகவே காட்டியதுதான் படத்தின் சாதனை. சென்னையில் யாரையும் நம்பக்கூடாது என்ற பயத்தோடு வந்தவள் அமுதா. ஆனால் யாரையாவது நம்பாமல் அடுத்த ஸ்டாப்புக்குக்கூடப் போக முடியாத ஊரில் வந்து நிற்கிறாள். இந்த முரண்தான் கௌதமை உள்ளே இழுக்கிறது. கொஞ்சம் குரூரமாகச் சொன்னால், ஸ்டாப்பில் ஒழுங்கான பலகை ஒன்று இருந்திருந்தால் இந்தக் காதலே நடந்திருக்காது.

பஸ் காட்டும் ஊர்

நாள் முழுக்கச் சுற்றினாலும் படம் நமக்கு மெரினாவையும் சென்ட்ரலையும் சுற்றுலா அட்டை மாதிரி அடுக்கிவைப்பதில்லை என்பதும் முக்கியம். பஸ்ஸில் ஊரைப் பார்ப்பது வேறு வகைப் பார்வை. காரில் போனால் நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு இடம் மட்டும் ஊர். ஹெரிட்டேஜ் வாக் போனால் யாரோ தேர்ந்தெடுத்த பத்து இடம் ஊர். பஸ் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, வழியில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டிவிடும்.

12பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினப்பாக்கத்தில் கடற்கரை ஓரம் கிளம்பி, லஸ், ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், கோடம்பாக்கம் என்று வடபழனி பக்கம் போகிற தடம் அது. கடலோரக் குடியிருப்பு, கோயில் மயிலாப்பூர், பணக்கார ஆழ்வார்பேட்டை, துணிக்கடை தி. நகர், சினிமாக் கோடம்பாக்கம். ஐந்து சென்னைகள், ஒரே டிக்கெட். 29சி பெரம்பூரில் கிளம்பி, ஜெமினி, ஸ்டெல்லா மாரிஸ், மந்தைவெளி, அடையாறு தாண்டிப் பெசன்ட் நகர் போகும். வடசென்னையின் ரயில்வே தொழிலாளர் பேட்டையையும் எலியட்ஸ் பீச்சையும் ஒரே கோட்டில் கோர்க்கிறது. இந்த இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற இடம் பஸ்ஸின் உள்பக்கம்தான். படத்துக்கு இந்த உணர்வு இருக்கிறது. அது நெடுஞ்சாலைப் பஸ்ஸுக்குள் வரும்போதுதான் நன்றாகத் தெரிகிறது: வெளிநாட்டிலிருந்து மகளைப் பார்க்க வரும் அப்பா, புதுசாகக் கல்யாணமான ஜோடி, அங்கேயே பேச ஆரம்பிக்கும் இளசுகள். விபத்தை முதலிலேயே காட்டிவிட்டதால், இவர்களுடைய சாதாரணப் பேச்சு ஒவ்வொன்றும் நமக்குக் கனக்கிறது.

படம் எங்கே சறுக்குகிறது

இப்போது குறைகள். முதலாவது, அமுதாவின் அப்பாவித்தனம். திருச்சி ஒன்றும் பஸ்ஸைப் பார்க்காத ஊர் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்களில் வளர்ந்த ஒருத்திக்கு, நகரப் பஸ்ஸில் எப்படி ஏறுவது, யாரிடம் எப்படிக் கேட்பது என்பது தெரிந்தே இருக்கும். சென்னையின் எண்கள்தான் தெரியாது. ‘இந்த ஊரின் விவரம் தெரியாதவள்’ என்பதைப் படம் பல இடங்களில் ‘விவரம் தெரியாதவள்’ ஆக்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஊரின் குறை. இரண்டாவது அவள் தலையில் கட்டப்படும் குறை. தியேட்டரில் சிரிப்பு கிடைக்கிறது, ஆனால் கதையின் கூர்மை போய்விடுகிறது.

இந்த இடத்தில் படத்துக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். திருச்சியில் நடக்கும் இன்னொரு கதையில் எல்லாம் தலைகீழ். அங்கே மணிமேகலை (அஞ்சலி) நர்ஸ், ஊர் அவள் கைக்குள். லேத் பட்டறையில் வேலை செய்யும் கதிரேசன் (ஜெய்) அவள் சொல்கிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகிறான். இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால் ‘ஆண் வழிநடத்துகிறான், பெண் பின்தொடர்கிறாள்’ என்பதல்ல சூத்திரம். ஊர் யாருக்குத் தெரியுமோ அவர் கையில் அதிகாரம். இது அழகான சமன்பாடு. இதைச் சொல்ல அமுதாவை இவ்வளவு திகைக்க வைத்திருக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது குறை பெரியது. தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு நகரத்தில் என்ன பயம் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, படம் அதை முழுக்க ஒரே ஓர் ஆணிடம் குவித்துவிடுகிறது: இவன் நல்லவனா, கெட்டவனா? அவன் நல்லவன். எனவே பயம் தேவையில்லை. கேள்வி முடிந்தது. ஆனால் அந்தப் பயம் கௌதமைப் பற்றியது மட்டுமா? கூட்டமான பஸ்ஸில் நிற்பது, இருட்டிய ஸ்டாப்பில் காத்திருப்பது, தப்பான இடத்தில் இறங்கிவிடுவது எல்லாம் அதில் சேர்த்திதானே? ஊரைப் பற்றிய கேள்விக்கு ஒரு நல்ல பையன் விடையாக முடியாது. அடுத்த நாள் வரும் இன்னொரு அமுதாவுக்குக் கௌதம் லீவு போட மாட்டான்.

இன்றைக்கு அமுதா வந்தால்

இந்தக் கேள்வி பழைய படத்தோடு முடிந்துபோகவில்லை. படம் வந்தபோது தென்மாவட்டப் பஸ்கள் கோயம்பேடு வரை வந்தன. மெட்ரோ கிடையாது, முதல் ரயில் ஓடியது 2015 ஜூனில். இன்றைக்குத் திருச்சி பஸ்ஸில் வருகிறவர் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். முன்பெல்லாம் ஊருக்குள் வந்து இறங்கியவர், இப்போது ஊரின் விளிம்பிலிருந்தே டவுன் பஸ்ஸைத் தேடுகிறார். மயிலாப்பூர், பனகல் பார்க், அடையாறு மூன்று இடத்திலும் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் தோண்டியதில், பஸ் தடங்களும் ஸ்டாப்புகளும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. தினசரிப் பயணிகளே “இப்ப எங்க நிக்குது?” என்று கேட்கும் நிலை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் இறங்கி அடுத்ததில் ஏறலாம், காசு நஷ்டமில்லை. ஊரைத் தெரிந்துகொள்வது என்பதே தப்பான பஸ்ஸில் ஏறி இறங்குவதுதான் என்பதால், இது வெறும் பணச் சலுகை மட்டுமில்லை என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் வழி பார்த்து டிக்கெட் எடுக்கலாம். அமுதா கையில் ஃபோன் இருந்தால் கௌதமிடம் கேட்டிருக்கவே வேண்டாம்.

‘அப்போ மனுஷங்க பேச்சே போச்சே’ என்று வருத்தப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விரும்பிக் கேட்பது உறவு. வேறு வழியில்லாமல் கேட்பது கட்டாயம். பின்னதைக் குறைத்தால் முன்னதற்கு ஒன்றும் ஆகாது. அதே சமயம் செயலி வந்துவிட்டது என்று பலகையை மறந்துவிடவும் முடியாது. ஃபோனில் சார்ஜ் தீர்ந்தவர், படிக்க மட்டும் தெரிந்த பெரியவர், ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவர் எல்லாருக்கும் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு தகரப் பலகைதான் செயலி. அதில் எந்தெந்த எண், எந்த வழியாக, கடைசி பஸ் எப்போது என்று எழுதியிருந்தால் போதும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

‘எங்கேயும் எப்போதும்’ படத்தை மறுபடி பார்ப்பவர்கள் விபத்துக் காட்சிக்காகக் காத்திருக்காமல் அந்தச் சென்னை நாளை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை அமுதா திகைத்து நிற்கும்போதும், இங்கே ஊர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். காலையில் ஒரு முகவரியோடு வந்து இறங்குகிறவர், யாருடைய நல்ல மனசையும் நம்பியிராமல் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப முடிகிறதா? நகரப் பஸ்ஸுக்கு நான் வைக்கும் பரீட்சை அதுதான். கௌதம்கள் இருக்கட்டும், காதலும் நடக்கட்டும். ஆனால் அது பலகை இல்லாத குறையால் நடக்க வேண்டாம்.